மச்சான் விலைமனுப் போடுகிறார், மதிப்பீடு போட்டவர் நான்: என்ன செய்வது?

கேட்டவர் இலங்கையின் மலையகத்துப் பிரதேச சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். தோட்டமொன்றின் மேற்பிரிவு லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் பாதைக்குக் கொங்கிறீட் இடுவதற்காகச் சபை விலைமனுக் கோரவிருக்கிறது. அதற்கான மதிப்பீட்டைத் தயாரித்தவர் இவரே. இவருடைய மனைவியின் அண்ணன் பதிவுபெற்ற ஒப்பந்தகாரர். அவரும் விலைமனுப் போட எண்ணியிருக்கிறார். "பெறுகைக் குழுவில் நான் இல்லை, தீர்மானிக்கிறவர்கள் வேறு ஆட்கள். அப்படியிருக்க மச்சான் போட்டியிடுவது குற்றமா? குற்றமென்றால் அவருடைய கூட்டாளியின் பெயரில் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி மச்சானைப் பற்றியதாக இருந்தாலும், கேட்டவர் அறிய விரும்புவது தம்மைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. தீர்மானத்தில் கையெழுத்துப் போடாத ஓர் உத்தியோகத்தருக்கு அந்தத் தீர்மானத்தில் பங்கு உண்டா, இல்லையா? இதற்கு விடை கிடைத்தால் மச்சானைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மத்திய மாகாண உள்ளூராட்சிச் சபைகளில் கணக்குப் பக்கத்தில் வேலை செய்தவன் நான். விலைமனுத் திறந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்திருக்கிறேன், கணக்காய்வு வினாக்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன், ஓரிரு விசாரணைகளில் சாட்சியும் சொல்லியிருக்கிறேன். சட்டத்தரணி அல்லன். ஆகவே நிர்வாகப் பக்கத்தை உறுதியாகவும் குற்றவியல் பக்கத்தைச் சற்றுத் தயக்கத்தோடும் சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் நடத்தை, ஒழுக்காற்று விடயங்களைப் பேசுவது 47ஆம் அத்தியாயம். உத்தியோகத்தர் ஒருவர் தமது சொந்த நலனும் பொதுக் கடமையும் மோதிக்கொள்ளும் நிலைக்கு இடங்கொடுக்கக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அப்படியொரு மோதல் இருப்பதாகப் பிறர் எண்ணும்படியும் நடந்துகொள்ளக் கூடாது என்கிறது. இந்த இரண்டாவது பகுதியைத்தான் நம்மில் பலர் வாசிப்பதில்லை. "நான் ஒரு சதமும் எடுக்கவில்லை" என்பது முதற்பகுதிக்கு மட்டுமே பதிலாகும். மாகாண, உள்ளூராட்சிச் சேவைகளில் இருப்பவர்களும் இதே நெறிக்குக் கட்டுப்பட்டவர்களே. சபை ஊழியர் அரச ஊழியர் அல்லர் என்ற வாதம் விசாரணை மேசையில் எடுபட்டதை நான் பார்த்ததில்லை.

அடுத்தது பெறுகை வழிகாட்டல்கள், அதாவது அரச நிறுவனங்கள் வேலைகளையும் பொருட்களையும் வெளியாரிடம் பெறும் முறைக்கான விதிகள். 2006ஆம் ஆண்டு வழிகாட்டல்களைக் கையில் வைத்துக்கொண்டே என் தலைமுறை ஓய்வுபெற்றது. 19ஆவது திருத்தத்தால் 2015இல் உருவான தேசிய பெறுகை ஆணைக்குழு 2020இல் 20ஆவது திருத்தத்தோடு இல்லாமற் போய், 2022இல் 21ஆவது திருத்தத்தோடு மீண்டும் வந்தது. அது வெளியிட்ட புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழையதிலும் புதியதிலும் மாறாத விடயம், பெறுகையோடு தொடர்புபட்டவர் தமக்கு அதில் நலன் இருந்தால் அதைத் தாமாகவே அறிவித்து ஒதுங்க வேண்டும் என்பது. குழு உறுப்பினர்களுக்கு மட்டும் உரிய விதி இது என்று பலர் நினைக்கிறார்கள். மதிப்பீடு தயாரிப்பதும், விலைமனுப் பத்திரம் எழுதுவதும், வேலையை மேற்பார்வை செய்வதும், அளந்து பணம் கொடுக்கச் சிபாரிசு செய்வதும் பெறுகைதான்.

மூன்றாவது, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். அந்த ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இச்சட்டம் பழைய இலஞ்சச் சட்டத்தையும், 1994ஆம் ஆண்டின் இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுச் சட்டத்தையும், 1975ஆம் ஆண்டின் சொத்துகள் பொறுப்புகள் வெளிப்படுத்தல் சட்டத்தையும் நீக்கி, மூன்றின் வேலையையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தது. நலன் முரண்பாடு இதில் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. முன்பு ஒழுக்காற்று விசாரணையோடு, மிஞ்சிப்போனால் ஓர் இடமாற்றத்தோடு முடிந்துவிட்ட விடயம் இன்று நீதிமன்றம் வரை போகக்கூடிய விடயமாகியிருக்கிறது. முறைப்பாடு வரும்வரை காத்திராமல் இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு தானாகவும் விசாரணை தொடங்கலாம்.

இனி உங்கள் விடயத்துக்கு வருகிறேன். உங்கள் மச்சான் அரசாங்க வேலை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேறொரு பிரதேச சபையில், வீதி அபிவிருத்தி அதிகாரசபையில், கல்வித் திணைக்களத்தில் அவர் தாராளமாகப் போட்டியிடலாம். உங்கள் சபையிலேயே, நீங்கள் தொடாத ஒரு வேலைக்கு, நீங்கள் உறவை எழுத்தில் அறிவித்திருந்தால் அவர் விலைமனுப் போடுவதைத் தடுக்கும் பொது விதி ஏதும் இல்லை. இங்கே கட்டுப்படுத்தப்படுவது நீங்கள்தான். சபை உறுப்பினரின் நிலை வேறு. சபையோடு செய்த ஒப்பந்தமொன்றில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பயனடைபவர் உறுப்பினராக இருக்கவே தகைமை இழக்கிறார் என்கிறது உள்ளூர் அதிகார சபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம். உத்தியோகத்தருக்கு அப்படி ஒரே வெட்டாகப் பதவி போவதில்லை. ஆனால் அவர் கை பட்ட ஒவ்வொரு தாளும் கேள்விக்குள்ளாகும்.

சிக்கல் நீங்கள் போட்ட மதிப்பீட்டில் இருக்கிறது. விலைமனு திறக்கும்வரை அந்தத் தொகை வெளியே போகக் கூடாதது. எத்தனை மீற்றர் நீளம், எந்த வளைவில் தாங்குசுவர் வருகிறது, பாறை வெட்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், எந்த விலை அட்டவணையைப் பின்பற்றினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மற்ற ஒப்பந்தகாரர்கள் இருட்டில் விலை போடுகையில் உங்கள் மச்சான் வெளிச்சத்தில் போடலாம். போடுவார் என்று சொல்லவில்லை. போடவில்லை என்பதை உங்களால் நிரூபிக்க முடியாது என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள் ஒரு தொகையைப் பற்றிப் பேசவே இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி காட்டுவீர்கள்? அவருடைய விலை உங்கள் மதிப்பீட்டுக்கு ஒரு வீதம் கீழே தற்செயலாக வந்து விழுந்துவிட்டால், கணக்காய்வு உத்தியோகத்தர் அதைத் தற்செயல் என்று எழுதிக்கொண்டு போகமாட்டார்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேலை கொடுத்த பிறகு வருகிறது. நலன் முரண்பாடு என்றதும் எல்லோரும் விலைமனுப் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பணம் கசிவது பெட்டியில் அல்ல, அளவீட்டுப் புத்தகத்தில். கொங்கிறீட் பாதையின் ஓரத்தில் பலகை அடித்திருப்பதால் அங்கே நான்கு அங்குலம் சரியாக இருக்கும். நடுவில் மண்ணைச் சரியாக வெட்டி இறக்காமல் விட்டிருந்தால் இரண்டரை அங்குலம்தான் நிற்கும். ஓரத்தில் நாடாவைப் பிடித்து "0.10" என்று எழுதுகிறவரும், நடுவில் உளியால் ஒரு துளை போட்டுப் பார்த்து எழுதுகிறவரும் ஒரே படிவத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். கொங்கிறீட்டின் வலிமையைச் சோதிக்கும் கனசதுர மாதிரிகளை எந்தக் கலவையிலிருந்து எடுப்பது, மழைக்கு எத்தனை நாள் கால நீடிப்புக் கொடுப்பது, கூடுதல் வேலை என்று எதை ஏற்பது, பிடித்து வைத்த பணத்தை எப்போது விடுவிப்பது என்ற ஒவ்வொன்றும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கண்ணையும் பேனாவையும் நம்பியே நடக்கிறது. பெறுகைக் குழு ஒரு நாள் கூடிக் கலைந்துவிடும். நீங்கள் மூன்று நான்கு மாதம் அந்தப் பாதையில் நடப்பவர்.

என்னுடன் வேலை செய்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய தம்பி ஒரு வடிகான் வேலை எடுத்திருந்தார். மனிதர் நேர்மையானவர், தம்பி என்பதற்காகவே ஒரு பங்கு கூடுதலாகக் கண்டிப்புக் காட்டி, ஒரு பகுதியை உடைத்துத் திரும்பக் கட்டவும் வைத்தார். ஒரு ரூபாகூடச் சபைக்கு நட்டமில்லை. ஆனால் உறவை எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்த ஆண்டு கணக்காய்வு வினா வந்தது: ஒப்பந்தகாரரும் அளவீட்டை உறுதிப்படுத்தியவரும் ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி. விளக்கம் கோரினார்கள், பிறகு ஆரம்ப விசாரணை, பிறகு குற்றச்சாட்டுப் பத்திரம். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள் என்றாலும், அந்த இடைக்காலத்தில் வந்த பதவியுயர்வு அவரைத் தாண்டிப் போய்விட்டது. உடைத்துக் கட்டியதற்குத் தம்பி அவரோடு இரண்டு வருடம் பேசவும் இல்லை.

கூட்டாளி பெயரில் போடலாமா என்பதற்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. இதுவரை சொன்னது மறைக்காமல் சரிசெய்துவிடக்கூடிய ஒரு நிலைமை. பெயரை மாற்றினால் அது மறைப்பாகிவிடுகிறது. மறைத்த பிறகு நல்லெண்ணத்தைப் பற்றிப் பேச வாயே இருக்காது. வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார், சீமெந்து எந்தக் கடையில் எந்தக் கணக்கில் வந்தது, சபையின் காசோலை வங்கியில் மாறிய மறுநாள் பணம் எங்கே போனது என்று மூன்று இடத்தில் தேடினால் போதும், உண்மையான ஆள் தெரிந்துவிடுவார். மலையகத்தில் இன்னும் எளிது. எந்த வேலையை யார் செய்கிறார் என்பது காலைப் பெரட்டு (வேலைக்கு முன் தொழிலாளர் கூடும் நேரம்) முடிவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

போலிப் பெயர்கள் எப்படிப் பிடிபடுகின்றன என்பதற்கு ஒரு காட்சி. சிறிய வேலையொன்றுக்கு மூன்று விலைமனு வந்திருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து, உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, தொகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தோம். மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்கள், மூன்று வெவ்வேறு முத்திரைகள். ஆனால் மூன்றிலும் 'கொங்கிறீட்' என்ற சொல்லில் 'ங்' விட்டுப் போயிருந்தது. மூன்றிலும் ஏழாவது உருப்படியின் பெருக்கலில் ஒரே பிழை. தலைவர் எதுவும் பேசவில்லை. தாள்கள் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அந்த விலைமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. அதில் உறவு என்ற பேச்சே எழவில்லை, போட்டி பொய் என்பதே போதுமானதாக இருந்தது. உங்கள் மச்சானின் கூட்டாளிக்குத் தாளை நிரப்பிக் கொடுக்கப்போவது யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குச் சபை நிதியைச் செலவிட நீண்ட காலம் தடையாக இருந்தது. வாக்குக் கேட்க லயத்துக்கு வந்தவர்கள் பாதை போடச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்று சொல்லிக் கழற்றிக்கொண்ட காலம் அது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வந்தன. வேலைகள் கூடின, தோட்டத்துப் பிள்ளைகள் உத்தியோகத்தர்களாக வந்தார்கள், வேறு சிலர் கொந்தராத்து எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் நம்மவர்களே என்றால் மாமன் மச்சான் உறவு வராமல் எப்படி இருக்கும்? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு அவசர வேலைகளும் சேர்ந்துகொண்டன. அவசரப் பெறுகையில் நடைமுறை சுருங்கும், ஆனால் உறவை அறிவிக்கும் கடமை சுருங்காது.

கிராம அபிவிருத்திச் சங்கம் வழியாக எடுத்தால் விலைமனுவே வேண்டாமே என்றும் சிலர் உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். சிறு வேலைகளைச் சமூக அமைப்புகளுக்கு நேரடியாகக் கொடுக்க வழி இருப்பது உண்மை. பெயருக்குச் சங்கம், வேலைக்குக் கொந்தராத்துக்காரர் என்று ஆகிவிட்டால் அதுவும் பெயர் மாற்றும் விளையாட்டுத்தான். முந்நூறு மீற்றர் பாதையை மூன்று துண்டாக்கி மூன்று சங்கங்களுக்குக் கொடுப்பது இன்னும் மோசம். எல்லைத் தொகைக்குக் கீழே கொண்டுவருவதற்காக வேலையைத் துண்டு போடுவதை வழிகாட்டல்கள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. எதிர்ப்பக்கத்தில், ஐம்பது இலட்சம் ரூபாவைத் தாண்டும் ஒப்பந்தம் என்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி கம்பனிப் பதிவாளரிடம் பதிந்து, பதிந்ததற்கான பிசிஏ 3 சான்றிதழும் இணைக்க வேண்டும். உங்கள் பாதை அந்த அளவுக்கு வராது என்று நினைக்கிறேன்.

இனி ஐயத்துக்கு இடமுள்ளவை. உறவு என்பது எதுவரை? மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மனைவியின் அண்ணனை நான் அந்த வட்டத்துக்குள்ளேயே வைப்பேன். ஒரே வீட்டில் இருந்தால், பணக் கொடுக்கல் வாங்கல் இருந்தால், அவருடைய வங்கிக் கடனுக்கு நீங்கள் பிணை நின்றிருந்தால் இரண்டாம் பேச்சே இல்லை. ஒன்றுவிட்ட சகோதரர், கூடப் படித்தவர், ஒரே தொழிற்சங்கத்துக்காரர், கோயில் பரிபாலன சபையில் பக்கத்து நாற்காலிக்காரர் என்று போகும்போது கோடு மங்கிவிடுகிறது. இங்கே ஒரே விதியை எல்லோருக்கும் பொருத்த முடியாது. நான் கையாண்ட அளவுகோல் இது: இந்த உறவு நாளை ஒரு விசாரணையில் வெளிவந்தால், "ஏன் முன்பே சொல்லவில்லை" என்று என்னைக் கேட்பார்களா? கேட்பார்கள் என்று தோன்றினால் எழுதிக் கொடுத்துவிடுவேன். தேவையில்லாமல் அறிவித்ததற்காக யாரும் தண்டிக்கப்பட்டதை நான் கண்டதில்லை. சிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் நிலையில் குற்றவியல் பொறுப்பு வருமா என்பதும் ஐயத்துக்குரியதே. மதிப்பீட்டைத் தயாரித்தபோது மச்சானுக்கு அந்த வேலையில் எண்ணம் இருந்ததா, அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா, அதன்பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற விவரங்களையே அது பொறுத்திருக்கிறது. ஏற்கெனவே தொகை அவர் காதில் விழுந்திருந்தால், இதைத் தொடர்ந்து வாசிப்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். மச்சானையும் இந்த முறை ஒதுங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு பாதை வரும்.

தொகை வெளியே போகவில்லை என்றால் வழி இருக்கிறது. விலைமனு அறிவித்தல் ஒட்டப்படுவதற்கு முன்பே சபையின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேலையின் பெயர், நீங்கள் மதிப்பீடு தயாரித்த திகதி, மச்சானுடனான உறவு, அவர் போட்டியிடக்கூடும் என்று உங்களுக்குத் தெரியவந்த திகதி ஆகியவற்றைச் சுற்றி வளைக்காமல் குறிப்பிடுங்கள். மதிப்பீட்டை வேறோர் உத்தியோகத்தர் மீளாய்வு செய்யவும், மேற்பார்வையையும் அளவீட்டையும் வேறொருவருக்கு ஒப்படைக்கவும் கேளுங்கள். பக்கத்துச் சபையிலிருந்தோ உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகத்தின் வழியாகவோ ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரைத் தற்காலிகமாகப் பெறுவது நடைமுறையில் உள்ளதுதான். ஆள் இல்லை என்று செயலாளர் சொன்னால், அதையும் எழுத்தில் தரக் கேளுங்கள். ராஜினாமா, இடமாற்றம் என்றெல்லாம் யோசிக்கத் தேவையில்லை. ஒதுங்கிய பிறகு முழுமையாக ஒதுங்குங்கள். "சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று புதியவர் கூப்பிட்டாலும் அந்தப் பாதைப் பக்கம் போகாதீர்கள்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை செயலாளர்களே நிர்வாகத்தை நடத்திய காலம் நினைவிருக்கும். அந்தக் காலத்து வேலைகள் சிலவற்றைப் பற்றி இன்று வினா எழும்போது, அன்றிருந்த செயலாளர் இடமாறிப் போயிருக்கிறார். "அவருக்குத் தெரியும், சொல்லித்தான் செய்தேன்" என்பவரிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தோற்றுப்போன ஒப்பந்தகாரரோ தோட்டத்து இளைஞர் ஒருவரோ கோப்பைக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சபை தீர்மானிக்க வேண்டும். அப்படிக் கோப்பைத் திறக்கும் அன்று உங்கள் கடிதம் மதிப்பீட்டுக்கு அடுத்த தாளாக, பக்க எண்ணோடு அதில் இருக்க வேண்டும். கடிதத்தைத் தபால் பதிவேட்டில் பதிய வைத்து, திகதி முத்திரை குத்திய பிரதியொன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். அலுவலக அலுமாரியில் வேண்டாம்.